வாடகை வீடு, கடை, குடோன்: தீயணைப்பு ஆய்வு பற்றி வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஒரே கட்டடத்தில் கீழே கடை, நடுவில் குடித்தனம், மேலே சரக்கு என்று இருப்பது சாதாரணம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே மாடிப்படி. கட்டட உரிமையாளர்களும் கடைக்காரர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எந்தக் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டும்?

தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் 1985-இல் வந்தது. கடை, ஓட்டல், லாட்ஜ், கல்யாண மண்டபம், மருத்துவமனை, பள்ளி, விடுதி, தொழிற்கூடம், குடோன் ஆகியவற்றுக்கு அந்தச் சட்டத்தின் கீழ் தீயணைப்பு உரிமம் கேட்கப்படும். மாநகராட்சியின் தொழில் உரிமம் வேறு, இது வேறு. ஒன்று கையில் இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது.

உயரமும் கணக்கில் வரும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயரமான கட்டடம். வீடாக இருந்தாலும் அலுவலகமாக இருந்தாலும், திட்ட அனுமதியின் போதே தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கட்டி முடித்த பிறகும் ஆய்வு உண்டு.

வீடாக மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறேன், தரையோடு சேர்த்து மூன்று தளம். எனக்கு ஆய்வு உண்டா?

தீயணைப்பு உரிமம் வாங்கும் கடமை கடைக்கும் தொழிலுக்கும் உரியது. ஆனால் கீழ்த்தளத்தில் ஒரு மாவு மில், ஒரு டிபன் கடை, ஒரு துணி குடோன் விட்டுவிட்டீர்கள் என்றால் அது இனி வெறும் வீடு அல்ல. கலப்புப் பயன்பாடு. கீழே பிடிக்கும் தீயின் புகை மேலே தூங்கும் குடும்பத்துக்குத்தான் போகும். ஆய்வுக்கு வருபவர் கடையைப் பார்க்கும்போது மேலே இருக்கிற குடித்தனங்களின் வழியையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

வரைபடத்தில் வீடு என்று அனுமதி வாங்கி, கடையாக வாடகைக்கு விட்டிருந்தால் விண்ணப்பம் முதல் படியிலேயே நின்றுவிடும். கட்டடத்தின் பயன்பாட்டை மாநகராட்சியில் சரி செய்துவிட்டு வாருங்கள்.

ஆய்வில் முதலில் எதைப் பார்ப்பார்கள்?

சுவரில் சிவப்பு சிலிண்டர் தொங்குகிறதா என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அனுபவமுள்ள அலுவலர் வாசலில் நின்று, உள்ளே இருக்கும் ஆட்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள் என்று பார்ப்பார். ஆகவே காசு செலவழிப்பதற்கு முன் மாடிப்படியைக் காலி செய்யுங்கள். நம் பக்கத்துக் கட்டடங்களில் இதைவிடப் பெரிய குறை வேறு இல்லை. இதைச் சரிசெய்யப் பணமும் தேவையில்லை.

மாடிப்படியில் வழக்கமாகக் கிடப்பவை: தண்ணீர் கேன், செருப்பு ஸ்டாண்ட், பழைய மெத்தை, அட்டைப் பெட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி, சார்ஜில் போட்ட மின்சார ஸ்கூட்டர். மெத்தையின் நுரையும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வரும் கரும்புகை மாடிப்படியைப் புகைக்கூண்டு ஆக்கிவிடும். தீ எட்டும் முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும்.

அடுத்தது கதவு. திருடனுக்குப் பயந்து இரவில் மாடிப்படியின் கிரில் கேட்டைப் பூட்டி, சாவியை ஒரே ஒருவர் வைத்துக்கொள்வது நம் பழக்கம். அந்த ஒருவர் ஊருக்குப் போயிருந்தால்? உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாளுக்கு மாற்றுங்கள். கிரில் வழியாகக் கைவிட்டுத் திறந்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் தாழ்ப்பாளைச் சுற்றி ஒரு தகடு பற்றவைத்தால் போதும். மொட்டை மாடிக் கதவுக்கும் இதே விதி. கீழே புகை சூழ்ந்தால் மேலே ஏறுவதுதான் ஒரே வழியாக இருக்கும். அங்கே பூட்டு தொங்கக் கூடாது.

அளவுகளையும் சொல்லிவிடுகிறோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வெளியேறும் கதவு குறைந்தது 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். கடை, அலுவலகக் கட்டடங்களின் மாடிப்படி 1.5 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடத்துக்கும், ஒரு தளத்தில் 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள கலப்புப் பயன்பாட்டுக் கட்டடத்துக்கும் இரண்டு மாடிப்படி வேண்டும். லிஃப்ட் வெளியேறும் வழியாகக் கணக்கில் வராது.

முகப்பு முழுக்க விளம்பரப் பலகை வைத்திருக்கிறோம். அதிலும் குறை சொல்வார்களா?

சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். எம்.சி. ரோட்டிலும் சவுகார்பேட்டையிலும் பல துணிக்கடைகளின் முதல் தளம், இரண்டாம் தளத்து ஜன்னல்கள் பலகைக்குப் பின்னால் மறைந்து கிடக்கின்றன. புகை வெளியே போக இடமில்லை. ஏணி வைத்து ஆளை இறக்கவும் இடமில்லை. ஒவ்வொரு தளத்திலும் சாலையைப் பார்த்த ஒரு ஜன்னலாவது முழுதாகத் திறக்கும்படி பலகையை வெட்டிவிடுங்கள். உள்பக்கம் துணிக் கட்டுகளை அடுக்கி அதே ஜன்னலை மறைத்துவிடாதீர்கள்.

ஈபி மீட்டர் போர்டு மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

மாற்ற முடிந்தால் மாற்றுவது நல்லது. வெளிச்சுவரில், மழை படாத கூரைக்கு அடியில் வைக்கலாம். எட்டு குடித்தனத்தின் எட்டு மீட்டரும் ஒரே மரப்பலகையில், வெளியேறும் ஒரே வழியின் அடியில் இருப்பது மிக மோசமான அமைப்பு.

உடனே மாற்ற வழியில்லை என்றால் இவற்றைச் செய்யுங்கள். மரப்பலகையை எடுத்துவிட்டு எரியாத பலகையில் அல்லது இரும்புப் பெட்டியில் மீட்டர்களைப் பொருத்தச் சொல்லுங்கள். முன்னால் 1 மீட்டர் இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும். துடைப்பம், பெயின்ட் டப்பா, பழைய பேப்பர் எதையும் அங்கே செருகாதீர்கள். எந்த மீட்டர் எந்த வீட்டுக்கு என்று பெயின்ட்டில் எழுதி, மொத்தக் கட்டடத்தையும் அணைக்கும் மெயின் சுவிட்ச் எது என்றும் தமிழில் எழுதுங்கள். தீயணைப்பு வீரர் வந்ததும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, கரண்டை நிறுத்தியாயிற்றா என்பதுதான். மீட்டருக்கு முன்னால் உள்ள பகுதியில் கைவைப்பது மின்வாரிய ஆட்களின் வேலை. தனியார் எலக்ட்ரீஷியனை விட்டுச் செய்யாதீர்கள்.

ஏன் இந்த இடத்தில் தீ பிடிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு இரண்டு ஏசி வந்துவிட்டது. ஒயரும் கட்அவுட்டும் விளக்கு, ஃபேன் காலத்தவை. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கனமான செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். இனி ஃபியூஸ் போகாது; அதற்குப் பதில் ஒயர் சூடாகும். முனைத் திருகு தளர்ந்து கடலோரக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அங்கேதான் முதல் பொறி. கை வைத்தால் சுடும் சுவிட்ச், கருகிய நாற்றம், ஏசி போடும்போது மங்கும் விளக்கு ஆகிய மூன்றும் எச்சரிக்கைகள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எம்சிபியும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போடுங்கள். எம்சிபி அதிகச் சுமையைத் தடுக்கும், ஆர்சிசிபி கசிவைத் தடுக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. ஆர்சிசிபியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.

ஒயரிங் சரி செய்யும் செலவு யாருடையது, ஓனருடையதா, வாடகைக்கு இருப்பவருடையதா?

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணை கட்டமைப்புப் பழுதையும் உள்புற, வெளிப்புற ஒயரிங்கையும் உரிமையாளரிடம் விடுகிறது. சுவிட்ச், பிளக் பாயின்ட் போன்ற அன்றாடப் பழுது வாடகைதாரருடையது. இதை மாற்றி எழுத விரும்பினால் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

கடை ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு வரி சேர்க்கச் சொல்கிறோம். தீயணைப்பு உரிமத்துக்கு யார் விண்ணப்பிப்பது. தீயணைப்பான் யார் வாங்கி யார் பராமரிப்பது. எந்தச் சரக்கை வைக்கக் கூடாது. பொது வழியில் சரக்கு வைத்தால் அகற்றும் உரிமை யாருக்கு. அட்வான்ஸ் தொகையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுபவர்கள் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. சண்டை வரும்போது இரு தரப்பும் தவிப்பது இதனால்தான்.

எத்தனை தீயணைப்பான் வேண்டும்? எந்த வகை?

கட்டடத்தின் எந்த மூலையில் நின்றாலும் 15 மீட்டர் நடைக்குள் ஒன்று எட்ட வேண்டும். இது ஐஎஸ் 2190 தரநிலை சொல்லும் அளவு. சுவர், ரேக், கவுன்ட்டர் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு நடக்கும் தூரத்தைத்தான் அளக்க வேண்டும். நீளமான கடை என்றால் வாசலில் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக வேண்டும்; கீழே இருப்பதை மேலே எடுத்துப் போகலாம் என்பது செல்லாது.

வகையைப் பொறுத்தவரை, பொதுவான கடை, மாடிப்படி, வீடு ஆகியவற்றுக்கு ஏபிசி பவுடர், 4 அல்லது 6 கிலோ. மின் போர்டு, கம்ப்யூட்டர், ஏடிஎம் அறைக்குக் கார்பன் டை ஆக்சைடு. அது பொடியை விட்டுப் போகாது. ஆனால் சிறிய மூடிய அறையில் அதை அடித்துவிட்டு உள்ளேயே நிற்காதீர்கள், மூச்சு முட்டும். அதன் கூம்பு முனையைக் கையால் பிடித்தால் தோல் உறைந்து காயமாகும். கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். எண்ணெய் பொரிக்கும் சமையலறைக்கு வெட் கெமிக்கல் வகை. மரம், துணி, காகிதக் குடோனுக்குத் தண்ணீர் வகையும் உதவும், கரண்ட் இல்லாத இடத்தில் மட்டும்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். சிவப்பு பெயின்ட் அடித்த பழைய சிலிண்டர் புதிது என்று கைமாறுவது உண்டு. வெல்டிங் தையல் மேல் தடித்த பெயின்ட், அழிக்கப்பட்ட தயாரிப்பு ஆண்டு இரண்டும் அடையாளம்.

வாங்கி மாட்டிவிட்டோம். அதற்கு அப்புறம்?

சுவரில் மாட்டி மறந்தால் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது. மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் போதும். அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா, பாதுகாப்பு ஊசியும் முத்திரையும் அப்படியே இருக்கின்றனவா, குழாய் வெடித்திருக்கிறதா, முனையில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு வகையில் பொதுவாக அழுத்தமானி இருக்காது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். வாயு 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும்.

பவுடர் அடியில் இறுகிக் கட்டியாவது அடிக்கடி நடப்பது. முள் பச்சையில்தான் நிற்கும், ஆனால் அழுத்தினால் வெறும் காற்று வரும். மாதம் ஒருமுறை கழற்றித் தலைகீழாகப் பிடித்து இரண்டு மூன்று தடவை ஆட்டுங்கள், பொடி சரிவதைக் கையில் உணரலாம். அழுத்தச் சோதனை பவுடர், தண்ணீர் வகைகளுக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை, கார்பன் டை ஆக்சைடுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை. தேதியைச் சிலிண்டரிலேயே எழுதச் சொல்லுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரத்தில் இன்னொரு கவலையும் உண்டு. உப்புக் காற்று சிலிண்டரின் அடி வளையத்தைத் தின்றுவிடும். தரையில் நேரே வைக்காமல், அடிப்பாகம் தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி சுவரில் மாட்டுங்கள். துரு உரிந்து வரும் சிலிண்டரைத் தேய்த்து பெயின்ட் அடிக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். அழுத்தம் ஏறிய பாத்திரம் அது.

பயன்படுத்தும் முறையையும் கடைப் பையன்களுக்குக் காட்டுங்கள். ஊசியைப் பிடுங்கி, சுமார் 2 மீட்டர் தள்ளி நின்று, சுவாலையின் அடியைக் குறிவைத்து, அழுத்தி, இடமும் வலமும் வீச வேண்டும். முதுகுப் பக்கம் வாசல் இருக்க வேண்டும். 6 கிலோ சிலிண்டர் கால் நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் அணையவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

தீயணைப்பான் விற்ற கடையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அது போதுமா?

போதாது. அது சிலிண்டர் நிரப்பியதற்கான ரசீது போன்றது. ஆய்வின்போது காட்ட உதவும். உரிமத்தைத் தீயணைப்புத் துறை மட்டுமே தரும்.

பிரியாணி கடை வைத்திருக்கிறேன். எத்தனை காஸ் சிலிண்டர் வைக்கலாம்?

2016-ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி, ஒரே இடத்தில் மொத்தம் 100 கிலோ எல்பிஜி வரை வைக்கத் தனி உரிமம் தேவையில்லை. 19 கிலோ வணிக சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவதை உள்ளே கொண்டுவந்தால் 114 கிலோ, எல்லை தாண்டிவிட்டது. அதற்கு மேல் தேவை என்றால் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வாங்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். ஆய்வில் கண்ணில் பட்டால் மற்ற எதையும் பார்க்கத் தேவையில்லாமல் போய்விடும்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடிப் போகும். ஆகவே அடித்தளத்தில் சிலிண்டர் வைக்கவே கூடாது. சம்ப் மூடி, சாக்கடைத் துளை, மேன்ஹோல் பக்கத்திலும் கூடாது. படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். படுத்தால் திரவமாகவே வெளியே பாயும். அடுப்பு ஒரு இடம், சிலிண்டர் வெளிச்சுவரோரம் காற்றோட்டமான கூண்டு, நடுவில் இரும்பு அல்லது செம்புக் குழாய் என்று அமைப்பதே சரி. ரப்பர் ஹோஸ் இருந்தால் அதில் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து 5 ஆண்டுக்குள் மாற்றுங்கள். இரவு கடை மூடும்போது அடுப்புக் குமிழை மட்டும் திருகிவிட்டுப் போகாமல் சிலிண்டர் வால்வையும் மூடுங்கள்.

2017 ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு தின்பண்டக் கடையில் நள்ளிரவில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் ஷட்டரைத் திறந்த நேரத்தில் உள்ளே இருந்த சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். கூடி நின்ற பொதுமக்கள் பலரும் காயமடைந்தார்கள். பூட்டிய கடைக்குள் சிலிண்டர் இருந்தால், 101-க்கு அழைக்கும்போதே எத்தனை இருக்கின்றன, எந்தப் பக்கம் இருக்கின்றன என்று சொல்லிவிடுங்கள். ஷட்டருக்கு வெளியே மஞ்சள் பெயின்ட்டில் அந்த எண்ணிக்கையை எழுதிவைப்பது இன்னும் நல்லது. வேடிக்கை பார்க்க யாரையும் நிற்க விடாதீர்கள்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே தூக்கி வீசும். அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். புகைபோக்கிக் குழாயின் உள்ளே படியும் எண்ணெய்ப் பிசுக்கும் எரிபொருள்தான். வலையை வாரம் ஒருமுறை வெந்நீரில் கழுவுங்கள். குழாயின் உட்பக்கத்தைச் சுரண்டி எடுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வையுங்கள்.

பெயின்ட், ஹார்டுவேர் கடைக்கு என்ன கட்டுப்பாடு?

தின்னர், பெட்ரோல் போன்ற எளிதில் பற்றும் முதல் வகைத் திரவங்களை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்திருக்கப் பெட்ரோலியச் சட்டம் அனுமதிப்பது விற்பனைக்கு அல்லாத இருப்புக்கு மட்டும்தான். தின்னரை டிரம்மிலிருந்து கேனுக்கு மாற்றி விற்கும் வேலை கடைக்குள் வேண்டாம். ஆவி கண்ணுக்குத் தெரியாது, ஒரு சுவிட்ச் பொறி போதும்.

குடோன் ஆய்வில் எதில் மாட்டிக்கொள்கிறார்கள்?

கொருக்குப்பேட்டை, மாதவரம், மணலி குடோன்களில் திரும்பத் திரும்ப வரும் குறை, சரக்கைக் கூரைத் தகரம் தொடும்வரை அடுக்குவது. மேலே விளக்குக்கும் சரக்குக்கும் இடையே அரை மீட்டராவது விடுங்கள். சுவரோரம் ஆள் நடக்கும் இடமும், நடுவில் வாசலிலிருந்து பின்சுவர்வரை நேராக ஒரு பாதையும் மஞ்சள் கோடு போட்டு ஒதுக்குங்கள். கோட்டுக்குள் ஒரு மூட்டைகூட வரக் கூடாது. பின்பக்கம் இரண்டாவது கதவு இருந்தால் அதன் முன்னால்தான் பெரும்பாலும் சரக்கு நிற்கும். அதை முதலில் நகர்த்துங்கள்.

இரவுக் காவலரை உள்ளே விட்டு வெளியே பூட்டும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பிளாஸ்டிக்கோ பழைய டயரோ பஞ்சுக் கழிவோ உள்ள இடத்தில் அவர் உள்ளேயே அடுப்பு மூட்டிச் சமைக்கிறார் என்றால் அவருக்கு வெளியே ஓர் அறை கட்டிக் கொடுங்கள். அந்த மனிதரின் உயிரைக் காக்கும் கடமை குடோன்காரருடையது.

என்ன சரக்கு என்பதை உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும். 2020 பிப்ரவரி 29 அன்று மாதவரத்தில் ஒரு ரசாயனக் குடோன் பற்றி எரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் கிடந்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் அவசரமாக வெளியேற்றப்பட்டது. வாடகைக்கு எடுத்தவர் ‘ஜெனரல் கூட்ஸ்’ என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். ரசாயனம் என்றால் அதன் பாதுகாப்பு விவரத் தாளை வாங்கி வாசலில் ஒட்டுங்கள். சிலவற்றில் தண்ணீர் பட்டால் நிலைமை மோசமாகும். வீரர்கள் உள்ளே போகும் முன் அது தெரிய வேண்டும்.

அடுக்குமாடியில் ஹைட்ரன்ட் (தீயணைக்கத் தண்ணீர் தரும் குழாய் அமைப்பு) எல்லாம் பில்டர் போட்டுவிட்டார். ஆய்வில் ஏன் தவறுகிறது?

பெரும்பாலும் பம்ப் அறையில். ஹைட்ரன்ட் அமைப்பில் மூன்று பம்ப் இருக்கும்: மின்சார மெயின் பம்ப், கரண்ட் போனால் டீசல் பம்ப், குழாயில் அழுத்தத்தைத் தக்கவைக்கும் சிறிய ஜாக்கி பம்ப். குடியிருப்போர் சங்கம் பொறுப்பேற்றதும், ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடி ஈபி பில் ஏறுகிறது என்று பேனலில் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் திருப்பிவிடுவார்கள். அதன் பிறகு யாரும் அந்த அறைப் பக்கம் போவதில்லை. ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடையுங்கள், பம்ப்பை நிறுத்தாதீர்கள். நம் பக்கத்து உப்பு போர் தண்ணீரைத் தீயணைப்பு சம்ப்பில் நிரப்பினால் மண்ணுக்குள் போகும் இரும்புக் குழாய் சீக்கிரம் ஓட்டையாகும்.

வாரம் ஒருமுறை செய்ய வேண்டியது: டீசல் எஞ்சினைச் சில நிமிடம் ஓட விடுங்கள், பேட்டரியைப் பாருங்கள், சம்ப் நிறைந்திருக்கிறதா, வால்வுகள் முழுதாகத் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தீயணைப்புத் தண்ணீரைத் தோட்டத்துக்கும் லாரி வராத நாளில் வீட்டுக்கும் எடுக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை மேல்தளத்து ஹைட்ரன்ட்டைத் திறந்து அழுத்தம் அளக்க வேண்டும். உயரத்தில் இருக்கும் கடைசி ஹைட்ரன்ட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ வர வேண்டும். ஹோஸ் பெட்டியில் 63 மில்லிமீட்டர், 15 மீட்டர் நீள ஹோஸ் இரண்டும் பித்தளை முனையும் இருக்கின்றனவா? பித்தளை முனை திருடு போவது இங்கே சகஜம். அதற்காகப் பெட்டியைப் பூட்டாதீர்கள், உடைக்கும் கண்ணாடி வையுங்கள். இணைப்பில் உள்ள ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீர் முனைக்குப் போகாமல் அங்கேயே பீறிடும். சில ரூபாய் சமாசாரம். அது இல்லாமல் முழு அமைப்பும் வீண்.

தெரு ரொம்பக் குறுகல். தீயணைப்பு வண்டியே வராதே?

சவுகார்பேட்டைச் சந்துகளிலும் பழைய வண்ணாரப்பேட்டையின் உள்தெருக்களிலும் வண்டி முனையிலேயே நிற்கும். அங்கிருந்து ஹோஸ் இழுக்க வேண்டும். ஒரு நீளம் 15 மீட்டர். 100 மீட்டர் உள்ளே இருக்கும் கட்டடத்துக்கு ஏழு நீளம் இணைக்க வேண்டும். அந்த நேரத்தை நீங்கள்தான் சமாளிக்க வேண்டியிருக்கும். ஆகவே குறுகிய தெருவில் உள்ள கட்டடத்துக்குத் தளத்துக்கு ஒரு தீயணைப்பான் கூடுதலாகவும், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒரு ஹோஸ் ரீலும் வைப்பது அவசியம் என்று நினைக்கிறோம். தெருக்காரர்கள் சேர்ந்து பேசி, முனையிலும் திருப்பத்திலும் இரவில் வண்டி நிறுத்துவதில்லை என்று முடிவு செய்யுங்கள். தெருவின் குறுக்கே தாழ்வாகத் தொங்கும் கேபிள்களையும் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

டியூஷன் சென்டர், பெண்கள் விடுதி நடத்த இடம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கும்பகோணம் பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கருகிப்போனது கூரைக் கீற்றில் பரவிய தீயால். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைக்குத் தடை வந்தது. ஆனால் மூன்றாம் மாடியில், ஒரே மாடிப்படியில், தகரக் கூரைக்குக் கீழே எழுபது பிள்ளைகளை உட்கார வைக்கும் டியூஷன் சென்டர்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டாவது வெளியேறும் வழி இல்லாத மாடியைக் குழந்தைகள் கூடும் இடமாக வாடகைக்கு விடாதீர்கள். கீழ்த்தளம் இருந்தால் அதைக் கொடுங்கள்.

பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிக்கு 2014-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும்; தீயணைப்புச் சான்றும் அதற்குத் தேவைப்படும். அறைகளைப் பிளைவுட் தடுப்பு போட்டுப் பிரிக்காதீர்கள். கரண்ட் போனதும் தானே எரியும் அவசர விளக்கு மாடிப்படித் திருப்பம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும்.

தீபாவளிக்கு வாசலில் பட்டாசுக் கடை போட இடம் விடலாமா?

வீடு இருக்கும் கட்டடத்தில் வேண்டாம். 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி தற்காலிகக் கடை எரியாத பொருளால் ஆன கொட்டகையாக இருக்க வேண்டும். கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி வேண்டும். வீடு, பள்ளி போன்ற பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கடைகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கக் கூடாது. நம் தெருக்களில் இந்த அளவு பெரும்பாலும் கிடைக்காது.

விண்ணப்பிப்பது எப்படி?

தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் இணையதளம் வழியாக விண்ணப்பித்து, கட்டணத்தையும் அதிலேயே செலுத்தலாம். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி ரசீது, வாடகை என்றால் ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும், மின் இணைப்பு எண், தீயணைப்பான் வாங்கிய பில், பராமரிப்புச் சீட்டு. ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொரு தளத்தையும் வரைந்து, மாடிப்படி, கதவு, மெயின் சுவிட்ச், காஸ், தீயணைப்பான் எங்கே என்று குறித்து வைத்தால் ஆய்வு பாதி நேரத்தில் முடியும்.

உங்கள் பகுதியின் நிலைய அலுவலர் நேரில் வந்து பார்த்து, மாவட்ட அலுவலருக்கு அறிக்கை அனுப்புவார். குறை இருந்தால் எழுத்தில் தருவார்கள். அதைச் சரி செய்து, சரி செய்த படத்தோடு பதில் கொடுங்கள். வாய்வழியாக ‘பண்ணிடறோம் சார்’ என்று சொல்லிவிட்டு வந்தால் கோப்பு அங்கேயே கிடக்கும்.

உரிமத்தில் அச்சிட்டிருக்கும் முடிவுத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். இடையில் கடையை விரிவாக்கினாலோ, தடுப்புச் சுவர் கட்டினாலோ, வேறு தொழிலுக்கு விட்டாலோ பழைய உரிமம் அந்த இடத்துக்குப் பொருந்தாது.

தீ பிடித்தால் யாரை அழைப்பது? இன்ஷூரன்சுக்கு என்ன வேண்டும்?

101 அல்லது 112. முதலில் ஆட்கள் வெளியே, பிறகு போன். தெருப் பெயர் பல இடத்தில் ஒன்றுபோல இருக்கும் என்பதால் பகுதியின் பெயர், பக்கத்தில் உள்ள கோயில், தியேட்டர், ரயில்வே கேட் ஏதாவது ஒன்று, எத்தனையாவது மாடி, உள்ளே ஆள் உண்டா என்று வரிசையாகச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை போனை வைக்காதீர்கள். ஒருவரைத் தெருமுனையில் நிறுத்தி வழிகாட்டச் சொல்லுங்கள்.

தீ அணைந்த பிறகு, வந்த நிலையத்தில் விண்ணப்பித்துத் தீ விபத்து அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனம் அதைக் கேட்கும். காவல் நிலையத்திலும் புகார் பதிந்து ரசீது வாங்குங்கள். கருகிய சரக்கைக் காப்பீட்டுச் சர்வேயர் வந்து பார்க்கும்வரை அகற்றாதீர்கள். எலக்ட்ரீஷியன் பார்த்து எழுதிக் கொடுக்கும்வரை மெயின் சுவிட்ச்சை யாரும் போடக் கூடாது.